உகோவின் குளம் மேலே வந்தது

ஹெர்பர்ட் ஆற்றங்கரையில் கரும்பு போடுகிற குடும்பங்களுக்குள் உகோ மார்க்கெட்டோவைப் பற்றிப் பேச்சு எழுந்தால், "பாவம், நல்ல மனுஷன்" என்று ஆரம்பித்து, "ஆனா அந்த நிலம் இருக்கே" என்று முடிப்பார்கள். அந்தப் பேச்சை முதலில் கிளப்பிவிட்டவன் அவனுடைய மைத்துனன் ரென்ஸோ. உகோவின் மனைவி நெல்டாவுக்கு அண்ணன். கல்யாணமாகாதவன். மேட்டில் செம்மண் நிலம் வைத்திருந்தான். ஒவ்வொரு ஞாயிறும் தங்கை வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, வயிறு நிறைந்ததும் தங்கை புருஷனின் நிலத்தைப் பழிப்பான்.

பார்வைக்கு அது குறை சொல்ல முடியாத நிலம்தான். கடற்கரையைப் பெயர்த்துக் கொண்டுவந்து ஆற்றோரம் விரித்தாற்போல வெள்ளை வெளேரென்று மணல். ஒரு பிடி அள்ளிப் பார்க்கிற எவரும், இதில் தண்ணீர் கண நேரம்கூட நிற்காது என்று சத்தியம் செய்வார்கள். உகோவின் அப்பா அப்படிச் சத்தியம் செய்துவிட்டுத்தான் வாங்கினார். வாங்கிய பிறகுதான் தெரிந்தது, மணலுக்குள் இறங்குகிற தண்ணீருக்கும் ஒரு போக்கிடம் வேண்டும் என்று. ஆளுயரத்துக்குக் கீழே காப்பித்தூள் நிறத்தில் கல் போல இறுகிப்போன ஒரு மண் அடுக்கு. பக்கத்திலோ, மழைக்காலத்தில் வயலைவிட உயரத்தில் ஓடுகிற ஆறு. இறங்கிய தண்ணீர் கீழேயும் போக முடியாமல் பக்கவாட்டிலும் போக முடியாமல், மாமியார் வீட்டுக்கு வந்த மருமகனைப் போல அங்கேயே தங்கிவிடும். மண்வெட்டியால் ஒரு குழி வெட்டினால், நிமிர்ந்து முதுகைப் பிடித்துவிடுவதற்குள் குழி நிறைந்துவிடும். வெட்டியெடுத்த மண் செத்த மீனின் சாம்பல் நிறத்தில், ஊடே ஆணி துருப்பிடித்தது போன்ற ஆரஞ்சுத் திட்டுகளோடு, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். மழை நின்று சில மாதங்கள் போனாலோ அதே மண் ரஸ்க் போல வறண்டு, கரும்புத் தோகையெல்லாம் சுருண்டுவிடும். மழைக்காலத்தில் மூழ்கிச் சாகும், வெயில்காலத்தில் தாகத்தில் சாகும். நடுவே உயிரோடு இருக்கக் கரும்புக்குக் கிடைப்பது சில வாரங்கள்தான்.

"உன் வயல்ல ஒரு தவளை செத்துக் கிடந்துச்சு மாப்ளே. பாத்தா மூழ்கிச் செத்திருக்கு" என்பான் ரென்ஸோ.

உகோ சிரித்து வைப்பான். ஆனால் உள்ளுக்குள் எரியும். ரென்ஸோவிடம் இல்லாத ஏதாவது ஒன்று தன்னிடம் இருக்க வேண்டும் என்று வருஷக்கணக்காக யோசித்து, கடைசியில் ஒரு நீச்சல் குளத்தில் போய் நின்றான். சிமெண்ட் குளம் அல்ல. அவரைக்கொட்டை வடிவத்தில், நீல நிறத்தில், ஒரே வார்ப்பாக லாரியில் வந்து இறங்கும் ஃபைபர்கிளாஸ் குளம். நெல்டா கேட்டது சமையலறைக்கு ஒரு ஏசி.

"ஏசில நீ மட்டும்தான் நிப்பே. குளத்துல எல்லாரும் நிக்கலாம்" என்றான் உகோ.

"எல்லாருக்கும் சமைக்கறது நான் மட்டும்தானே" என்றாள் நெல்டா.

அக்டோபர் வெயிலில் தோண்டினார்கள். அந்த மாதத்தில் மணல் கேக் மாதிரி வெட்டுப்பட்டது. ஓரங்கள் மட்டும் நிற்காமல் சரிந்துகொண்டே இருந்ததால், குழி நினைத்ததைவிடப் பெரிதானது. குளத்தை விற்ற டேரில் தானே வந்து அதைப் பதித்து, தண்ணீர் நிரப்பி, சுற்றிலும் கல் பாவிக் கொடுத்தான். போகும்போது உகோவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னான்.

"ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சுக்க உகோ. மழைக்காலத்துல மட்டும் இதுலேர்ந்து தண்ணிய எடுத்துடாத. உள்ள இருக்கற தண்ணிதான் இதைக் கீழ அமுக்கிப் புடிச்சுக்கிட்டு இருக்கு. வெளிய மண்ணுல தண்ணி ஏறுச்சுன்னா, காலிக் குளம் சும்மா இருக்காது."

"மணல்தானே டேரில், தண்ணி ஓடிடும்" என்றான் உகோ. சொல்லும்போதே அவன் கண் நாற்காலிகளை எந்தப் பக்கம் போடுவது என்று அளந்துகொண்டிருந்தது. ரென்ஸோ உட்காரப்போகும் நாற்காலிக்கு நேர் எதிரே குளம் பளபளக்க வேண்டும்.

கிறிஸ்துமஸ் வரை பளபளத்தது. பிறகு மழை பிடித்துக்கொண்டது. வயல் தண்ணீர் பாவிய கல்லைத் தாண்டி உள்ளே வழிந்தது. பின்னாலேயே மண் வந்தது, தோகை வந்தது, தவளைகள் குடும்பத்தோடு வந்தன. மார்ச் முடிவதற்குள் குளம் பட்டாணி சூப் போல ஆகிவிட்டது. அதற்குள் என்ன வசிக்கிறது என்று பார்க்க யாருக்கும் துணிச்சல் இல்லை.

பெரிய வெள்ளியன்று ரென்ஸோ போன் செய்தான்.

"மாப்ளே, ஞாயித்துக்கிழமை ஈஸ்டர் விருந்துக்கு வர்றேன். பூசை முடிஞ்ச கையோட நீச்சல் டிராயர் போட்டுக்கிட்டுத்தான் வருவேன். தண்ணி தெளிஞ்சிருந்தா குதிக்கறேன். இல்லேன்னா தூண்டில் கொண்டு வரட்டுமா?"

உகோ போனை வைத்த வேகத்தில் கொட்டகைக்குப் போனான். கரும்புக்கு நீர் இறைக்கும் பெரிய பம்ப்பை இழுத்து வந்தான்.

"மேலாப்புல வலையைப் போட்டு அரிச்செடுத்தா போதாதா?" என்றாள் நெல்டா.

"மொத்தத் தண்ணியையும் வெளிய எடுத்துட்டு, தேய்ச்சுக் கழுவி, புதுத் தண்ணி விடறேன். உங்க அண்ணன் அடியில தெரியற நீலத்தைப் பார்த்துக் கண்ணு கூசணும்."

சனிக்கிழமை காலை குளம் காலியானது. தவளைகள் கோபித்துக்கொண்டு வெளியேறின. உகோ ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, நீளமான பிரஷ்ஷோடு உள்ளே இறங்கி, பாட்டுப் பாடிக்கொண்டே தேய்க்க ஆரம்பித்தான். பாதித் தரை நீலமானபோது எங்கிருந்தோ 'குர்ர்க்' என்று ஒரு சத்தம் வந்தது. அவன் தன் வயிறு என்று நினைத்தான். காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. மறுபடி தேய்த்தான். காலடியில் தரை மெத்தை போல அமுங்கி எழுந்தது. பசி மயக்கம்தான் என்று முடிவு செய்தான்.

பிறகு 'டமார்' என்று சுற்றியிருந்த கல் ஒன்று பிளந்தது. அடுத்தது பிளந்தது. உகோ நிமிர்ந்து பார்த்தான். இறங்கும்போது குளத்துக்குள்ளிருந்து வானம் மட்டும்தான் தெரிந்தது. இப்போது வேலியின் தலை தெரிந்தது. சற்று நேரத்தில் வேலியின் இடுப்பு தெரிந்தது. அப்புறம் பக்கத்து வீட்டு ஜாய்ஸின் துணிக்கொடி தெரிந்தது. அப்புறம் ஜாய்ஸே தெரிந்தாள், வாயில் துணி கிளிப்போடு.

ஜாய்ஸ் கிளிப்பை எடுத்தாள். "குட் மார்னிங் உகோ. ஏணி மேலயா நிக்கறே?"

"இல்ல ஜாய்ஸ். குளத்துக்குள்ள நிக்கறேன்."

"ஓ," என்றாள் ஜாய்ஸ். கொஞ்சம் யோசித்தாள். "குளம் எங்க நிக்குது?"

உகோ வீட்டுப் பக்கம் திரும்பி, "நெல்டா!" என்று கத்தினான்.

நெல்டா கையெல்லாம் மாவோடு ஓடி வந்தாள். அவள் புருஷன், அஞ்சாறு மாதமாகப் பூமிக்குள் இருந்த நீலக் குளத்தோடு சேர்ந்து, பூமிக்கு மேலே நிதானமாக வந்துகொண்டிருந்தான். கையில் பிரஷ்.

"என்ன பண்ணின?"

"ஒண்ணும் பண்ணல. தேய்ச்சேன்."

"தேய்ச்சா எழுந்திரிக்குமா?"

"எனக்கு என்ன தெரியும்? இதுக்கு முன்னாடி நான் குளம் தேய்ச்சதில்லையே!"

நெல்டா ஏணி கொண்டு வந்து அவனை இறக்கினாள். டேரிலுக்குப் போன் போட்டார்கள். அவன் எங்கோ படகில் மீன் பிடித்துக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் அலைச் சத்தத்துக்கு மேல் கத்தினான்.

"தண்ணிய எடுத்தியா?"

"கொஞ்சம்."

"எவ்ளோ கொஞ்சம்?"

"எல்லாம்."

"உன்கிட்ட நான் என்ன சொன்னேன்?"

"சொன்னியா?"

டேரில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். பிறகு, "உடனே திருப்பித் தண்ணிய ஊத்து. அதிர்ஷ்டம் இருந்தா கீழ போகும்" என்றான்.

ஊற்றினார்கள். குளம் பெருமூச்சு விட்டது போலக் கொஞ்சம் இறங்கியது. அப்புறம் நின்றுவிட்டது. அது எழுந்த இடைவெளியில் ஊறிய மணல் கூழ் போல ஓடி வந்து அடியில் படுத்துக்கொண்டது. மேலே எவ்வளவு பாரம் ஏற்றினாலும் அந்த மணல் இடத்தைக் காலி செய்வதாக இல்லை. தரைக்கு மேலே ஒரு பக்கம் இடுப்பளவு, மறுபக்கம் மார்பளவு என்று, அளவு பொருந்தாத தொப்பி போலக் குளம் சாய்ந்து உட்கார்ந்திருந்தது.

"ட்ராக்டர் முன்னாடி இருக்கற மண் அள்ளற வாளியால மேலேர்ந்து ஒரு அமுக்கு அமுக்கினா போயிடும்" என்றான் உகோ.

"வேண்டாம் உகோ."

"மேல காய்ஞ்சுதானே இருக்கு நெல்டா. பாரு, வெள்ளையா இருக்கு."

மேலே வெள்ளையாகத்தான் இருந்தது. ட்ராக்டர் குளத்துப் பக்கத்தில் போய் நின்று உறுமியது. எஞ்சின் அதிர அதிர, அதுவரை கெட்டியாக இருந்த மணல் தளதளவென்று ஆடியது. பிறகு பளபளத்தது. பிறகு பின்சக்கரங்களைச் சத்தமில்லாமல் விழுங்க ஆரம்பித்தது. உகோ குதித்து ஓடி வந்து நெல்டாவின் பக்கத்தில் நின்றுகொண்டான். கீழே இருக்க வேண்டிய குளம் மேலே இருந்தது. மேலே இருக்க வேண்டிய ட்ராக்டர் கீழே போய்க்கொண்டிருந்தது. அச்சு வரை போய், அது நின்றது.

நெல்டா தன் கை மாவைப் பார்த்தாள். ட்ராக்டரைப் பார்த்தாள். "நான் லசானியா பண்ணப் போறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். சமையலறையிலிருந்து வெகுநேரம் ஒரு சத்தம் வந்தது. அழுகிறாளோ என்று உகோ படியேறிப் போய் ஜன்னலில் எட்டிப் பார்த்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

உகோவுக்குச் சிரிப்பு வரவில்லை. குளத்தைச் சுற்றிப் படுதா கட்டி, மேலே பலகை போட்டான்.

"மேடைன்னு சொல்லிடலாம்" என்றான்.

"எதுக்கு மேடை?"

"பாட்டுப் பாட."

"யாரு பாடுவா?"

"யாராவது கேட்டா அப்பப் பாத்துக்கலாம்."

ஞாயிறு காலையிலேயே வானம் இருண்டு கிடந்தது. மலைப்பக்கம் ராத்திரி முழுக்கக் கொட்டியிருந்ததால் ஆறு கரை தாண்டப்போகிறது என்று ரேடியோ சொன்னது. அந்தப் பக்கத்தில் அதற்காக யாரும் விருந்தைத் தள்ளிவைப்பதில்லை. வீடுகள் எல்லாம் தூண்களின் மேல்தான் நின்றன. ஆறு கீழே வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போகும். ரென்ஸோ தன் காரைத் தூரத்து மேட்டில் விட்டுவிட்டு நடந்து வந்தான். மேலே பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டை, டை. கீழே ஆரஞ்சு நிறத்தில் நீச்சல் டிராயர். தோளில் துண்டு.

"எங்க மாப்ளே குளம்?" என்றவன் படுதாவைப் பார்த்தான். "இது என்ன?"

"மேடை."

ரென்ஸோ படுதாவைத் தூக்கிப் பார்த்தான். உள்ளே நீலம் தெரிந்தது. குளத்தைச் சுற்றி நடந்தான். அந்தப் பக்கம் இருந்த ட்ராக்டரைப் பார்த்தான். அப்புறம் அவன் நடக்கவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டான். சிரித்துச் சிரித்து வந்த கண்ணீரில் அவன் டை நனைந்தது.

"மாப்ளே... நான் கரும்புதான் இங்க வேர் புடிக்காதுன்னு நெனச்சேன்... குளமுமா புடிக்கல?"

"சிரிச்சு முடிச்சுட்டியா மச்சான்?"

"இல்ல, இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு."

அவன் மீதியைச் சிரித்து எழுந்தபோது டிராயரும் நனைந்திருந்தது. ஆறு வந்துவிட்டது. முதலில் கரும்புச் சாலில் பளபளத்தது, பிறகு சால்கள் மறைந்தன. ஏற்கெனவே தண்ணீர் நிறைந்த மணலில் இறங்க இடம் ஏது? வந்ததெல்லாம் மேலேயே பரவியது. மூவரும் மாடியேறிச் சமையலறையில் நின்றபோது, கீழே முட்டளவு இருந்தது. லசானியா மணத்தது. அப்போதுதான் ஜாய்ஸ் போன் செய்தாள்.

"நெல்டா, நான் பாதாம் கேக் பண்ணி வெச்சிருக்கேன். ஆனா நடுவுல தண்ணி ஓடுதே."

"பரவால்ல ஜாய்ஸ், நீ வீட்லயே இரு" என்று நெல்டா சொல்லி முடிப்பதற்குள் உகோ போனைப் பிடுங்கினான். "நீ அங்கயே இரு. நாங்க வந்து கூட்டிட்டு வர்றோம்" என்று சொல்லி வைத்துவிட்டான்.

"எதுல போயி கூட்டிட்டு வருவீங்க?" என்றாள் நெல்டா.

உகோவும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தான். பதில் ரென்ஸோவிடமிருந்து வந்தது. அவன் ஜன்னல் வழியாகக் குளத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். முகத்தில் கேலி போய் வேறு ஏதோ வந்திருந்தது.

"மாப்ளே, அதுலேர்ந்து தண்ணிய எடுத்தா என்ன ஆகும்?"

"மேல வரும்."

"மேல வந்தா?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பள்ளிக்கூட நாட்களுக்குப் பிறகு அவர்கள் இருவருக்கும் ஒரே யோசனை ஒரே நேரத்தில் தோன்றியது அன்றைக்குத்தான் என்று நெல்டா பிற்பாடு சொன்னாள். தடுத்திருக்க வேண்டும் என்றும் சொன்னாள்.

படுதாவையும் பலகையையும் உருவிப் போட்டுவிட்டு, பம்ப்பைத் தண்ணீருக்கு மேலிருந்த படியில் வைத்து ஓட்டினார்கள். குளம் காலியாகக் காலியாக நெளிந்தது, முனகியது. கடைசியில், அடியில் படுத்திருந்த மணலிடமிருந்து முத்தமிடுவது போல ஒரு சத்தத்தோடு விடுபட்டு, பாவிய கற்களை உதறிவிட்டு, அவரைக்கொட்டை வடிவத்தில் வெள்ளத்தின் மேல் மிதந்தது. ரென்ஸோ கைதட்டினான். உகோ இடுப்பளவு தண்ணீரில் போய் ஏறினான். பின்னாலேயே ரென்ஸோ. துடுப்புக்கு உகோவிடம் குளம் தேய்க்கும் பிரஷ். ரென்ஸோவிடம், அடுப்பிலிருந்து ரொட்டியை எடுக்க நெல்டா வைத்திருந்த நீளமான மரத் துடுப்பு.

"அது என் அம்மா குடுத்தது!" என்று நெல்டா மேலேயிருந்து கத்தினாள்.

"எனக்கும் அம்மாதான்!" என்று ரென்ஸோ பதிலுக்குக் கத்தினான்.

துழாவினார்கள். குளம் நகரவில்லை, சுற்றியது. உகோ வலப்பக்கம் தள்ளினால் இடமாகச் சுற்றியது. ரென்ஸோ இடப்பக்கம் தள்ளினால் அதுவும் இடமாகவே சுற்றியது.

"நேரா தள்ளு மச்சான்!"

"நேருங்கறது எந்தப் பக்கம்? நான் திரும்பறதுக்குள்ள உன் வீடு ஓடிப் போயிடுது!"

"வீடு ஓடல. நாமதான் ஓடறோம்."

"அப்படின்னா ஜாய்ஸ் வீடு எங்க?"

"இப்பதான் என் முதுகுப் பக்கம் போச்சு. இரு, திரும்பி வரும்."

சுற்றிச் சுற்றித் தலை கிறுகிறுத்தாலும் ஆற்றின் இழுப்பு அவர்களை ஒரு வழியாக அந்தத் திசைக்கே கொண்டுபோனது. மூழ்கிய ட்ராக்டரின் புகைக்குழாயை ஒருமுறை இடித்தார்கள். கரும்புக்குள் நுழைந்து பின்புறமாக வெளியே வந்தார்கள். ஜாய்ஸின் முள்கம்பி வேலி வந்ததும் குளம் அதில் வயிற்றைப் பதித்து நின்றது. எவ்வளவு தள்ளியும் அசையவில்லை. மழை வலுத்தது. குளத்துக்குள் கணுக்காலளவு தண்ணீர் சேர்ந்தது.

ஜாய்ஸ் வராந்தாவில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜாய்ஸ்! பயப்படாத! காப்பாத்த வந்துட்டோம்!" என்றான் உகோ.

"பாத்தேன்," என்றாள் ஜாய்ஸ். "அதுல நான் ஏறணுமா?"

"ஏறலாம், ரொம்ப உறுதியான குளம்" என்றான் ரென்ஸோ. டை காதோரம் ஒட்டியிருந்தது.

ஜாய்ஸ் ஆரஞ்சு டிராயரைப் பார்த்தாள், பிரஷ்ஷைப் பார்த்தாள், ரொட்டித் துடுப்பைப் பார்த்தாள். உள்ளே போய்க் குடையை எடுத்து வந்தாள். கேக் டப்பாவைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, வேலி ஓரமாகவே, பழைய மாட்டுவண்டித் தடத்துக் கல் மேட்டின் மேல் கால் வைத்து நடந்தாள். அந்தத் தடத்தில் தண்ணீர் அவள் முழங்காலைக்கூடத் தொடவில்லை. நேராக நெல்டாவின் படிக்கட்டுக்குப் போய், குடையை உதறிவிட்டு மாடியேறிவிட்டாள்.

குளத்துக்குள் ரென்ஸோ ரொட்டித் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டான்.

"முட்டி அளவு தண்ணிலயா மாப்ளே நாம காப்பாத்த வந்தோம்?"

"குளத்துப் பக்கம் இடுப்பளவு இருந்துச்சே மச்சான்!"

மாடியிலிருந்து நெல்டாவின் குரல் வந்தது. "லசானியாவ வெட்டியாச்சு! வர்றவங்க வரலாம்!"

அவசரத்தில் இருவரும் தடத்தைத் தேடாமல் குறுக்கே இறங்கினார்கள். மணல் முதலில் உகோவின் பூட்ஸை வாங்கிக்கொண்டது. பிறகு ரென்ஸோவைத் தொடை வரை வாங்கிக்கொண்டு, திருப்பித் தர யோசித்தது. உகோ ரொட்டித் துடுப்பை மணலில் படுக்கப் போட்டு, அதன் மேல் மண்டியிட்டு, மைத்துனனின் டையைப் பிடித்து இழுத்தான்.

"கழுத்து! கழுத்து!"

"அப்புறம் எதைப் புடிக்கறது? சட்டை கிழிஞ்சிடும்!"

"கிழியட்டும்டா!"

வெளியே வந்தபோது ரென்ஸோவின் முகம் சிவந்திருந்தது. கால் இரண்டும் சாம்பல் நிறத்தில், அழுகிய முட்டை நாற்றத்தோடு இருந்தன. அவன் உகோவைப் பார்த்தான். உகோ சிரிப்பான் என்று எதிர்பார்த்தான். உகோவும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தான். ஆனால் பல வருஷமாகச் சேர்த்துவைத்த சிரிப்பு வருவதற்குள், "வலிக்குதா மச்சான்?" என்று கேட்டுவிட்டான்.

"பசிக்குது" என்றான் ரென்ஸோ.

இருவரையும் கீழ்ப்படியிலேயே நிறுத்தி, குழாயால் பீய்ச்சிக் கழுவிய பிறகுதான் நெல்டா மேலே விட்டாள். லசானியாவில் பாதி தீர்ந்திருந்தது. கேக் முழுதாக இருந்தது.

இரண்டு நாளில் ஆறு போய்விட்டது, மணலுக்குள் தண்ணீர் மட்டும் வழக்கம்போலத் தங்கிவிட்டது. குளம் ஜாய்ஸின் வேலியோரம், எந்த ரசமட்டமும் வைக்காமலேயே, பதித்த நாளில்கூட இல்லாத அளவுக்குச் சமமாகப் படிந்திருந்தது. மாலையில் அங்கே உட்கார நன்றாக இருக்கிறது, எடுக்க வேண்டாம் என்று ஜாய்ஸ் சொல்லிவிட்டாள். அடி கீறல் விட்டிருந்ததால் அது இனி தண்ணீர் பிடிக்காது என்றான் டேரில். நெல்டா அதைக் கேட்டு ஒரு துளைக்கருவியை எடுத்துக்கொண்டு போய், குளத்தின் அடியில் இன்னும் நிறையத் துளை போட்டாள். ரென்ஸோவின் மேட்டிலிருந்து செம்மண் வந்தது. அவனே தன் லாரியில் கொண்டுவந்து கொட்டினான். முகம் மட்டும் கோணியிருந்தது. அந்த நிலத்தில் தண்ணீர் ஒழுங்காக வடிகிற ஒரே இடம் இப்போது அந்தக் குளம்தான். நெல்டாவும் ஜாய்ஸும் அதில் தக்காளி போட்டார்கள்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் ரென்ஸோ தக்காளியைத் தின்றுகொண்டே, "என் மண்ணு" என்பான். "என் குளம்" என்பான் உகோ. அப்புறம் இருவரும், அன்று ட்ராக்டரை இடித்தபோது குளம் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது என்று சண்டை போடுவார்கள். அவரைக்கொட்டைக்கு முன்பக்கம் எது என்பதே இன்னும் முடிவாகவில்லை.